நகரசபைக்குக் காட்ட ஒரு மயில்

மயிலின் குரல் கேட்காமல் தமிழனுக்கு விடிவதில்லை என்று சண்முகநாதன் கமராவைப் பார்த்துச் சொன்னார்.

மூவாயிரம் வருடத்துப் பழக்கம் என்றும் சொன்னார்.

அவருக்குப் பின்னால் நின்ற மயில் தோகையை விரித்தது, கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மயில் வீடு கூட்டுகிற பழைய தும்புத்தடி மாதிரித்தான் இருக்கும்.

கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் இருந்த வீட்டை விற்று, அங்கிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் வாங்கிய சின்னப் பண்ணை அது. ஒரு ஆண் மயில், இரண்டு பேடு. சத்தம் தாங்காமல் பக்கத்துக் காணிக்காரர் நகரசபைக்கு முறைப்பாடு கொடுத்திருந்தார். வியாழக்கிழமை விசாரணை. தோற்றால் மயில்கள் போகவேண்டியதுதான்.

சத்தம் என்றால் தண்டம் போடுவார்கள், பண்பாடு என்றால் யோசிப்பார்கள் என்று கோயிலில் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே இந்த வீடியோ. எடுப்பவள் தனுஷிகா, நண்பர் ஒருவரின் மகள். இங்கே பிறந்தவள். அடியில் ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

சண்முகநாதன் பட்டுவேட்டியும் சேற்றுக்கு ரப்பர் பூட்சும் போட்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டார்.

பிறகு பேச்சில் ஊருக்குப் போனார். வேலியில் மயில். கிணற்றுக்கட்டில் மயில். பள்ளிக்கூடம் போகிற ஒழுங்கையில் மயில். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் தழுதழுத்தது.

மனைவி குணவதி தீன் வாளியோடு கூட்டு வாசலில் நின்றார்.

குணவதிக்கு மயில்களைக் கண்ணில் காட்டக்கூடாது. போன கோடையில் வெண்டிக் கன்றுகளைத் தின்று முடித்துவிட்டு மிளகாய்க் கன்றுக்கு வந்தன. ஆண் மயில் புதுக் காரின் கதவில் தன்னையே கண்டு, எதிரி என்று நினைத்துக் கொத்திப் பெயின்டை உரித்தது. வீட்டுக்குள் ஹீட்டைக் கூட்டவிடாத மனிதர் கூட்டுக்குள் சூட்டு விளக்குக் கொளுவியதைக் குணவதி இன்னும் மன்னிக்கவில்லை.

தனுஷிகா கமராவைத் திருப்பினாள்.

“அன்ரி, நீங்களும் அங்கிளும் சேம் ஊர்தானே. சின்னனில நீங்களும் இந்தச் சவுண்ட் கேட்டனீங்களோ?”

சண்முகநாதன் சரியாக இருந்த வேட்டியை ஒருமுறை சரிசெய்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

குணவதி ஒரு சொல் சொன்னால் போதும். வியாழக்கிழமையோடு கூடு காலி. வெண்டி பிழைக்கும்.

அந்த நேரம் பார்த்து மயில் கழுத்தை நீட்டிக் கத்தியது. பக்கத்து வீட்டில் யாரோ யன்னலை அடித்துச் சாத்தினார்கள்.

குணவதி வாளியைக் கீழே வைத்தார்.

“ஓம் பிள்ளை. விடிய எங்களை எழுப்பினதே உதுகள்தான்.”

தனுஷிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நகரசபைக்கும் கலங்கும் என்றாள்.

அவர்களுடைய ஊர் ஒரு தீவு. அங்கே காகம் இருந்தது, கொக்கு இருந்தது. மயில் இருந்ததில்லை.

இருவரும் முதன்முதலாக மயிலைக் கண்டது ரொறன்ரோவில், ஹை பார்க்கில். குணவதி வந்திறங்கிய வருடம், பனி முழுதாகக் கரையாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாடகைக்கு இருந்த நிலக்கீழ் அறையில் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருக்கக் கூச்சமாக இருந்தது. பார்க்கில் மிருகங்களைக் காசில்லாமல் பார்க்கலாம் என்று போனார்கள். அப்போதெல்லாம் சண்முகநாதன் மனைவிக்கு நாலடி முன்னால்தான் நடப்பார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் மயில் கத்தியதும் பயந்து பின்னால் பாய்ந்து, குணவதியின் கையைப் பிடித்தார். கலியாணமாகி அதுதான் முதல் தடவை. சப்வே வரும்வரை விடவில்லை.

இருவரும் கையுறை போட்டிருந்தார்கள்.