நீண்ட வழி

துறைமுகத்தைப் பார்த்த சத்திரசிகிச்சைக் கூடத்தில் கிண்ணியாவிலிருந்து கொண்டுவந்த குழந்தை அர்ஷாக் மயக்கத்தில் கிடக்கிறான். மூளையில் நீர் கட்டித் தலை வீங்கி, உச்சிக்குழி தெறிக்க நிற்கிறது. அந்த நீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாயைப் பின்மண்டை வழியாக வைத்தால் தூரம் குறைவு. ஆனால், போனமுறை அங்கே வைத்த குழாய்தான் அடைத்துப்போனது. அதனால் டொக்டர் தனுஷிகா இம்முறை முன்நெற்றிப் பக்கத்தால் துளைத்திருக்கிறாள். குழாய் போக வழி திறக்க, நீண்ட இரும்புக் கம்பியைக் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் செருகிக் கழுத்து, நெஞ்சு வழியாக வயிற்றை நோக்கி முழுப் பலத்தோடு தள்ளுகிறாள். தோல் வெளுத்துப் புடைக்கிறது. சின்ன உடம்பு கம்பியோடு இழுபடுகிறது. "றஹ்மா, தோளை அமத்திப் பிடியுங்கோ." "ஏலாது டொக்டர், பிள்ளை வழுக்குது!" தாதியின் குரல் உடைகிறது. கம்பிக்குக் கீழே கழுத்து நாளம் துடிப்பது தனுஷிகாவின் விரலில் தட்டுகிறது. கொஞ்சம் சறுக்கினாலும் பிள்ளை போய்விடும். வெளியே கப்பலொன்று அலறுகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ள, வயிற்றில் வெட்டிய இடத்தால் கம்பி முனை இரத்தத்தோடு பாய்கிறது. குழாயைப் பொருத்தியதும் அதன் நுனியில் தெளிந்த நீர் சொட்டுகிறது, உச்சிக்குழி தாழ்கிறது. கம்பி போன வழியோ பிரம்படிபோல் சிவந்து தடிக்கிறது. "உம்மா கண்டா பதறிப்போவா," என்று றஹ்மா துணியை இழுக்கிறாள். "மூடாதேங்கோ," என்கிறாள் தனுஷிகா. "நான் செய்தது. நானே காட்டிச் சொல்லுறன்."