ஆளில்லாத சாலையில் துப்பாக்கி

எல்லாக் கார்களையும் தற்காப்புத் துப்பாக்கியோடு விற்கத் தொடங்கியபின், கோகிலவாணியின் வீட்டுக் காரிலும் ஒன்று இருந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் சின்னப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். ஓட்டுகிறவர் பயந்துவிட்டதாகக் கார் உணர்ந்தால் மட்டுமே பெட்டி திறக்கும். இத்தனை வருடத்தில் அது திறந்ததே இல்லை.

அன்று அவளுடைய மார்புக் கட்டியின் பரிசோதனை முடிவை வாங்கக் கோவைக்குப் போனார்கள். கணவன் செந்திலரசு கார் ஓட்டியபடி வழிநெடுக அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தான்.

"ஒண்ணும் இருக்காது கண்ணு. வர்றப்ப நெய் ரோஸ்ட் வாங்கித் தர்றேன்."

இந்த மனுஷனுக்குக் கவலையே இல்லையே என்று அவளுக்கு உள்ளூர வருத்தம்.

பல்லடம் தாண்டியதும் பெட்டி படக்கென்று திறந்தது. "ஆபத்து. துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவும்" என்றது கார்.

சாலையில் ஈ காக்கை இல்லை. செந்திலரசு அவசரமாகப் பெட்டியை மூடினான். அது மறுபடியும் திறந்தது.

"ரிப்பேர் போலிருக்குது" என்றான்.

"ஏனுங்க, ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினான். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சில்லென்று வியர்த்திருந்தது.

"பயமா இருக்குதுங்களா?"

"ராவெல்லாம் தூக்கமில்ல கண்ணு. உனக்கு ஏதாச்சும்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவளுக்குக் கண் நிறைந்தது, மனசு லேசானது. பெட்டியை மூடினாள்.

"இந்தப் பக்கம் வாங்க. நான் ஓட்டறேன்."

ஆஸ்பத்திரி வரும்வரை அவன் தன் பயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் உம் கொட்டியபடியே ஓட்டினாள்.