தாணுவின் மகள் கையில் லேசர்

முகக்கவசத்தை மாட்டப்போன டாக்டரை அடையாளம் கண்டதும், ராஜையா ஆபரேஷன் மேசையிலிருந்து காலைக் கீழே போட்டார். லேசர் கருவியின் பக்கத்தில் நின்றவள் அமிர்தா, பக்கத்து வீட்டுத் தாணுவின் மகள்.

“எனக்க கழுத்த எரிக்கதுக்கு ஒங்க அப்பன் அனுப்பினானா?” கரகரத்த குரல் பாதியிலேயே உடைந்தது.

குளத்தூரில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி. அதற்காக நெய்யாற்றின்கரை கோர்ட்டில் பத்தொன்பது வருடமாக வழக்கு. காலையில் பல் தேய்க்க வெளியே வந்தால் ஏச்சு, சாயங்காலம் மாட்டைக் கட்டும்போது ஏச்சு. ஏசி ஏசித்தான் இவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று ராஜையாவின் மனைவி சுகுமாரி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹெல்த் சென்டர் நர்ஸ் ஷாலு வீடு தேடி வந்து, பிடிவாதமாகத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிய பிறகுதான் தொண்டையில் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்தது.

“நான் போறேன். சாவணுமெங்கில் வீட்டில கெடந்து சாவேன்.”

“போங்க,” என்றாள் அமிர்தா. “நேத்து ஊசியில ஏத்தின தங்கத் துகள் கட்டியில போய்ச் சேந்திருக்கு. லேசர் பட்டா அதுதான் சூடாகிக் கட்டியக் கருக்கும். இண்ணைக்கு விட்டா போச்சு. இது சோதனைச் சிகிச்சையாக்கும், ரெண்டாவது ஊசி கெடையாது.”

“தங்கமா வெஷமா, ஆரு கண்டது?”

“எனக்கும் ஒங்க மொகத்தப் பாக்க இஷ்டமில்ல. எங்க அம்மைய நீங்க ஏசினது ஒண்ணும் மறக்கேல்ல. வேற டாக்டர் இருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்.”

“நான் செத்தா ஒங்க அப்பன் வெடி போடுவான்.”

“போடுவாரு. படுக்கியளா, எறங்குதியளா?”

ராஜையா தாங்க வந்த ஆஸ்பத்திரி நர்ஸின் கையைத் தட்டிவிட்டு, தானே காலைத் தூக்கி வைத்துப் படுத்தார்.

நாற்பது நிமிடம். மரத்துப்போன கழுத்துக்குள் ஒரு வெதுவெதுப்பு ஏறி, நின்று, மறுபடி ஏறியது. சூட்டின் அளவைத் தவிர அமிர்தா வேறு எதையும் பேசவில்லை.

மறுநாள் காலை வார்டுக்கு வந்து தொண்டையைப் பார்த்தாள். “சூடு கட்டிய விட்டு வெளிய போவேல்ல. நல்லா கருகியிருக்கு.”

ராஜையா சுவரைப் பார்த்தபடி முணுமுணுத்தார். “அந்த நர்ஸ் பிள்ள வீட்டுக்கு வரேல்லெங்கில் நான் ஒனக்க கையில வந்து விழுந்திருக்க மாட்டேன். எனக்க தொண்டையப் பற்றி அவகிட்ட ஆரு சொன்னதுண்ணு மட்டும் தெரியட்டு…”

அமிர்தா கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டாள்.

“வேலிக்கு அங்கிட்டு நிண்ணு, ஒங்க சத்தம் மாறினத மொதல்ல கேட்டது எங்க அப்பாவாக்கும்.”