பள்ளத்தின் விளிம்பில்

பக்கவாதம் வலது கையை முடக்கிய நாளிலிருந்து சவரிநாதன் யாருடைய உதவியையும் ஏற்கவில்லை. மனைவி பிரகாசி சோறு ஊட்டப் போனாலும் வாயை இறுக மூடிக்கொண்டார். இளவயதில் அவர் ஆசையாக ஆடிய பழைய வீடியோ கேமைத் தேடி அவள் கடைக்குப் போனாள். கையடக்கக் கருவிகளைப் பரப்பிய கடைக்காரர், "ஒத்தக் கையால ஆட முடியாதும்மா. இடது கை ஓட வைக்கும், வலது கைதான் குதிக்க வைக்கும்" என்றார். அவள் சற்று யோசித்து, "அப்ப இருக்கிறதுலயே அகலமானதைக் குடுங்க" என்றாள். அன்று மாலை செபமாலை முடிந்ததும் பிசைந்த சோற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்து, கருவியின் வலது முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனை சற்று நேரம் ஆளில்லாமல் இருந்தது. பிறகு அவருடைய இடது கட்டைவிரல் வந்து அமர்ந்தது. திரையில் குட்டி மனிதன் ஓடினான். அவள் பிந்தி அழுத்தியதால் பள்ளத்தில் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். "எங்கடி பாக்குற? பள்ளம் வருதுல்ல" என்று குழறினார். "நீங்க ஓடுற ஓட்டத்துக்கு எனக்குக் குதிக்க வரல." அடுத்த முறை குட்டி மனிதன் விளிம்பு வரை ஓடிவந்து நின்றான். சவரிநாதன் திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய கட்டைவிரலைப் பார்த்துக் காத்திருந்தார். பக்கத்தில் இருந்த சோற்றில் இன்னும் சூடு இருந்தது.