பதினோராவது வார்ப்பு

"ஒரே ஒரு நாள் தறியை நிறுத்தினா இவன் குடியா முழுகிடும்? மனுசனா இவன்?"

பரசுராமன் பத்தர் பொரிஞ்சு தள்ளினாரு. பக்கத்து வீட்டு பாலுவோட நாலு பவர்லூமும் ஓடினா, வோல்டேஜ் அப்படியே படுத்துடும்.

நேத்து போய்க் கேட்டதுக்குத் தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினான்: "உன் கம்மலுக்காக என் தறி பட்டினி கிடக்கணுமா பத்தரே? போய்யா!"

ஆரணியில வார்ப்பு நகை செஞ்சே தீருவேன்னு ரெண்டு வருசமா ஆராய்ச்சி பண்றாரு மனுசன்! மெழுகுல கம்மல் செஞ்சு, சுத்தி பிளாஸ்டர் ஊத்தி, கரண்டு அடுப்புல சுட்டா மெழுகு எரிஞ்சு போயிடும். அந்தக் குழியில தங்கத்தை ஊத்தணும். வோல்டேஜ் படுத்து சூடு குறைஞ்சா உள்ள கரி தங்கிடும். கம்மல் பூரா பொத்தல்.

பத்து தடவையும் பொத்தல்! ஒவ்வொண்ணையும் தேதி போட்டு, சூட்டு அளவு போட்டு நோட்டுல எழுதி வச்சிருக்காரு.

"இதுவும் பொத்தலாச்சுன்னா அடுப்பை வித்துட்டு வேலூர்ல ஏதாச்சும் நகைக் கடைக்கு வேலைக்குப் போயிடுங்க," பெண்டாட்டி தெய்வநாயகி கறாரா சொல்லிட்டா.

இன்னிக்குக் காலையில அடுப்பைப் போட்டாரு. சூடு காட்டுற மீட்டர் முள்ளு ஏறிகினே இருந்துச்சு. எழுநூத்தி முப்பது டிகிரி! அப்படியே நின்னுச்சு.

சாயங்காலம் தங்கத்தை ஊத்தி, தண்ணியில முக்கி, பிளாஸ்டரை உடைச்சு, லென்ஸை வச்சுப் பார்த்தாரு.

ஒரு பொத்தல் இல்லை!

"நாயகி! நேத்து அடுப்புக் காயில் கம்பியை மாத்தினேன் பாரு, அதான்! அவன் தயவு யாருக்கு வேணும்?"

கம்மலைத் தூக்கிகினு நேரா பாலு வீட்டு வாசலுக்குப் போனாரு. நாளெல்லாம் முள்ளையே பார்த்துகினு இருந்தவருக்கு அப்பதான் காதே திறந்துச்சு. தறிச் சத்தமே இல்லை.

"இன்னா பாலு, தறி நிக்குது?"

"நாலுலயும் பாவு நூலு தீந்துடுச்சு பத்தரே. புதுப் பாவு நாளன்னிக்குத்தான் வருமாம். ஒரே பேஜாரு."

'நல்லா வேணும்'னு நெனச்சுகினே கம்மலை நீட்டினாரு. பாலு அதை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அடேங்கப்பா, ஜோரா வந்திருக்கேய்யா! அடுப்பை அணைச்சாச்சா?"

"எப்பவோ அணைச்சாச்சு. அது உனக்கின்னாத்துக்கு?"

"சும்மாதான். போ, போ."

பத்தர் தன் வீட்டு வாசப்படியில கால் வைக்கறதுக்குள்ள, பின்னாடி நாலு தறியும் ஒண்ணா 'சடக் சடக்'னு ஓட ஆரம்பிச்சுது.