தூக்கிப் பிடித்த தட்டு

போடி ஏலக்காய்க் குடோனின் ஜன்னலோரம் பத்துப் பெண்கள் தலை குனிந்து, வெடித்த காயையும் வெளுத்த காயையும் பொறுக்கி ஒதுக்குகிறார்கள். சுருளியம்மாள் மட்டும் தட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறாள். அவளுக்கு ஒரு கண் பிறவியிலேயே இருட்டு. மற்றதைக் குரங்கணித் தோட்டத்தில் ஏலத்தண்டு குத்தியபோது, ஆஸ்பத்திரியில் உள்ளே செயற்கை லென்ஸை நூலால் தைத்து வைத்தார்கள். வருஷாவருஷம் வந்து காட்டச் சொன்னார்கள். நன்றாகத்தானே தெரிகிறது என்று பதினாலு வருஷமாக அவள் போகவில்லை. இப்போது ஒரு பக்கத்து நூல் அறுந்துவிட்டது. குனிந்தால் லென்ஸ் சரிந்து, தட்டு முழுக்கப் பச்சைப் புகையாகிறது. நிமிர்ந்தால் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. “என்ன மதினி, இம்புட்டு உசரத்துல பிடிச்சிருக்கீக? மேஸ்திரி வர்றாரு,” என்கிறாள் பக்கத்திலிருக்கும் தமிழ்ச்செல்வி. “கழுத்து பிடிச்சிருக்கு ஆத்தா,” என்றபடி சுருளியம்மாள் தட்டை மடியில் இறக்கிக் குனிகிறாள். மேஸ்திரியின் செருப்புச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் நின்று, கடந்து போகிறது. அவள் நிமிர்கிறாள். புகை விலகவில்லை. மறுபடியும் குனிந்து, மெல்ல நிமிர்கிறாள். ஜன்னல் வெறும் வெள்ளையாக நிற்கிறது. சுற்றிலும் காய் விழும் சத்தம் ஓயவில்லை. அவள் ஒவ்வொரு காயாகக் கட்டைவிரலால் தடவுகிறாள். வெடித்த காய் விரலுக்குத் தெரிகிறது. வெளுத்த காய் தெரியவில்லை.