திரைக்குக் காய்ச்சல்

“அண்ணே, இந்தத் திரைக்குக் காய்ச்சல்!”

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த வயரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஃப்யூஸ்’. அங்கே ஆராய்ச்சி செய்யும் அவளுக்கு மட்டும் அண்ணன்.

“திரைக்குக் காய்ச்சல்னா மாத்திரை வாங்கிட்டு வரட்டுமா?”

“விளையாடாதீங்கண்ணே. இந்த மிஷினைக் கொஞ்சம் பாருங்க.”

பதறாமல் என்ன செய்வாள்? சோறு தண்ணி மறந்து அவள் உருவாக்கிய மிஷின் அது. எந்தப் பொருளும் தன் சூட்டுக்குத் தக்கபடி, கண்ணுக்குத் தெரியாத மைக்ரோவேவ் அலைகளை விட்டுக்கொண்டே இருக்கும். மிஷின் அதைத் தள்ளி நின்றே பிடித்து, தொடாமலே சூட்டைச் சொல்லிவிடும்.

டைரக்டருக்கோ அதன்மேல் துளியும் நம்பிக்கை இல்லை. “கையை வச்சுப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது. இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய மிஷின்?” என்பார். அதை வைத்துக்கொள்வதா, மூட்டை கட்டுவதா என்று இன்று சொல்வதாக வேறு மிரட்டியிருந்தார்.

தினமும் காலையில் மிஷினை அறைக் கோடியில் தொங்கும் அந்தக் கனத்த திரைப் பக்கம் திருப்பி, அறைச் சூட்டைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் அவள் வேலையைத் தொடங்குவாள். இருபத்தைந்து டிகிரி செல்சியஸைத் தாண்டியதே இல்லை. இன்று முப்பத்தாறு!

“ஏசி ஓடலையோ என்னவோ,” என்றார் ஃப்யூஸ்.

“உங்களுக்குப் பல்லு தந்தியடிக்குது, ஏசி ஓடலையாம்!”

மிஷினை இடப்பக்கமாக மெல்ல நகர்த்தினாள். முப்பத்தாறு. முப்பத்தேழு. ஓரத்துக்கு வந்ததும் முப்பத்தொன்பது!

“போச்சு, எல்லாம் போச்சு. இன்னைக்குப் பார்த்தா இது உளறணும்?” அவள் கண் கலங்கிவிட்டது.

“ஐயையோ, அழாதம்மா! மிஷின் நல்லாத்தான் இருக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஃப்யூஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், திரை படாரென்று விலகியது.

“பிறந்தநாள் வாழ்த்துகள்!”

கேக்கும் பலூனுமாக மொத்த அலுவலகமும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மிஷின் நினைப்பில் தன் பிறந்தநாளையே மறந்துபோயிருந்தாள் அவள். சந்தோஷத்தில் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“அப்போ மிஷின் உளறலை! மைக்ரோவேவ்தான் துணியைத் தாண்டி வருமே! திரைக்குப் பின்னாடி இருந்த உங்க உடம்புச் சூட்டைத்தான் காட்டியிருக்கு!” என்று குதித்தவள், சட்டென்று நின்றாள். “இருங்க, இருங்க. இந்த ஓரத்துல நின்னது யாரு? அவருக்குக் காய்ச்சல்.”

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அங்கே மப்ளரை இறுக்கிக்கொண்டு நின்ற டைரக்டர் தன் நெற்றியில் கையை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

“கையை வச்சா ஒண்ணும் தெரியலையேம்மா,” என்று நடுங்கியவாறே முனகியவர், அசடு வழியச் சிரித்தார். “சரி, உன் மிஷின் இங்கயே இருக்கட்டும். யோவ் ஃப்யூஸ், மாத்திரை வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டியே, ஓடுய்யா!”